சமவெளியில் ஜெயிப்பவர் யார்?

பிரான்ஸ் தேசத்தின் மத்தியில், பாரிஸுக்குத் தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில், ஆந்த்ர் என்னும் சிறு நதியின் கரையில் ஷாத்தோரூ என்றோர் ஊர் இருக்கிறது. 2024ஆம் வருஷத்து ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்ததும், மனு பாக்கர் முதலியோர் இந்தியாவுக்கு மூன்று வெண்கலப் பதக்கங்களைப் பெற்றுத் தந்ததும் அங்கேதான் என்பதால், நம்மவர்களில் சிலருக்கு அதன் பெயர் பழக்கமாகியிருக்கலாம். ஜார்ஜ் ஸாண்ட் என்ற நாவலாசிரியை வாழ்ந்த நோஆன் கிராமம் அதற்குப் பக்கத்தில் இருப்பதை இலக்கிய அபிமானிகள் அறிவார்கள். ஆனால் சைக்கிள் பந்தயத்தின் சரித்திரத்தில் அவ்வூருக்குள்ள கீர்த்தி தனியானது. கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கும் பெரி என்ற அந்தப் பிரதேசத்தில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1998, 2008, 2011, 2021, 2025 ஆகிய ஆண்டுகளில் அங்கே வந்து முடிந்தபோதெல்லாம், பெருங்கூட்டமாக ஊருக்குள் நுழைந்த வீரர்களில் ஒருவர் கடைசி இருநூறு மீட்டர் தூரத்தில் மற்றவர்களை மிஞ்சிக்கொண்டு போய் ஜெயித்தார். அந்த ஐந்து வெற்றிகளில் மூன்று ஒரே மனிதருடையவை.

மூன்று வாரம் நீளும் அந்தப் பந்தயத்தில் நாள்தோறும் ஒரு கட்டம். மலை ஏறும் நாட்கள் சில, கடிகாரத்தை எதிர்த்துத் தனித்தனியே ஓட்டும் நாட்கள் சில, மற்றவை சமவெளி நாட்கள். மலை நாட்களைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களுக்குக் கணக்கில்லை. சமவெளி நாளையோ, நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுக் கடைசி ஐந்து நிமிஷத்துக்கு விழித்துக்கொண்டால் போதும் என்று ரசிகர்களே அலட்சியமாகப் பேசுகிறார்கள். அந்த அலட்சியம் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம். மலையில் யார் ஜெயிப்பார் என்பதை உடலின் எடையையும் இருதயத்தின் பலத்தையும் கொண்டு ஒருவாறு அனுமானித்துவிடலாம். சமவெளியில் ஜெயிக்கப் போகிறவரை முன்கூட்டிச் சொல்வதோ ஒரு காலத்தில் யாராலும் ஆகாத காரியமாகவும், பிறிதொரு காலத்தில் சிறு குழந்தையும் சொல்லிவிடக்கூடிய காரியமாகவும், மீண்டும் நம் காலத்தில் நிபுணர்களையும் திகைக்க வைக்கும் காரியமாகவும் மாறி மாறி வந்திருக்கிறது. இந்த மாற்றங்களுக்குக் காரணம் ஜெயித்தவர்களின் கால் பலத்தில் ஏற்பட்ட ஏற்ற இறக்கம் அன்று. அவர்களுக்கு முன்னால் சைக்கிளை ஓட்டிச் சென்று, காற்றைத் தம் மார்பில் வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் விலகி வழிவிட்ட துணைவர்களின் தொழில் வளர்ந்த கதையே இதன் கதை.

ஆரம்ப காலத்தில் அப்படியொரு தொழிலுக்கு இடமே இருக்கவில்லை. 1903ஆம் ஆண்டு, மஞ்சள் காகிதத்தில் அச்சாகி வந்த 'லோத்தோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு அதன் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச் முதல் பந்தயத்தை நடத்தியபோது, பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதல் கட்டம் மாத்திரமே 467 கிலோமீட்டர். இராப்பகலாக மண்சாலையில் ஓட்டி வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இடையில் நிமிஷக்கணக்கும் மணிக்கணக்கும் விட்டு வந்து சேர்ந்தார்கள். அங்கே கடைசி இருநூறு மீட்டரின் வேகத்தைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? தாங்கும் சக்தி யாருக்கு அதிகம் என்பதே கேள்வி. ஆனால் வருஷங்கள் செல்லச் செல்லச் சாலைகள் சீர்பட்டன, கட்டங்கள் குறுகின, ஓட்டக்காரர்களின் திறமைகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. சமவெளி நாட்களில் பலர் ஒரே கூட்டமாக ஊர் எல்லைக்கு வந்து சேர்வது வழக்கமாயிற்று.

தெக்ராஞ்சுக்கு இது பிடிக்கவே இல்லை. அவர் 1893ல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாக ஓட்டிச் சாதனை படைத்தவர்; மனிதன் தன் பலத்தினால் தனியே நின்று ஜெயிக்க வேண்டும் என்பது அவருடைய மதம் என்றே சொல்லலாம். பிறர் முதுகின் மறைவில் நாள் முழுவதும் சுகமாக வந்துவிட்டுக் கடைசியில் பாய்ந்து பரிசைத் தட்டிக்கொண்டு போவது அவர் கண்ணுக்கு அதர்மமாகப் பட்டது. ஆகவே 1927ல் அவர் ஒரு கடுமையான ஏற்பாடு செய்தார்: 24 கட்டங்களில் 16ல், ஒவ்வொரு குழுவும் கால் மணி நேர இடைவெளியில் தனித்தனியே புறப்பட வேண்டும் என்று விதித்தார். கூட்டமே சேராவிட்டால் கூட்டத்தின் மறைவு ஏது என்பது அவர் யுக்தி. அதனால் நேர்ந்த பலன் வேறு. சாலையோரத்தில் நின்ற ஜனங்களுக்கு, முதலில் கண்ணெதிரே போகிறவர் முந்தியிருக்கிறாரா பிந்தியிருக்கிறாரா என்பதே விளங்கவில்லை. மறு ஆண்டும் அதே முறையைப் பிடிவாதமாக நடத்திப் பார்த்து, 1929ல் அதைச் சில நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு கைவிட்டார். அந்த 1929ல் போர்தோ நகரத்தில் முடிந்த ஒரு சமவெளிக் கட்டத்துக்குப் பிறகு, மொத்த நேரத்தில் ஒரு விநாடியும் வித்தியாசமின்றி மூவர் முதலிடத்தில் நின்றதால், ஃபிரான்ட்ஸ், லெதுக், ஃபோன்தான் ஆகிய மூவரும் மறுநாள் மஞ்சள் சட்டை அணிந்தார்கள் என்பது சரித்திரத்தில் வேறெங்கும் காண முடியாத விநோதம்.

அதற்கு மறு ஆண்டு, 1930ல், தெக்ராஞ்ச் வெறுத்த அந்தக் கடைசிப் பாய்ச்சல் தன் முதல் மகாவீரனைக் கண்டது. ஷார்ல் பெலிஸியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஒரே பந்தயத்தில் எட்டுக் கட்டங்களை ஜெயித்தார். அவற்றில் கடைசி நான்கும் தொடர்ந்து வந்தவை. ஒரே பந்தயத்தில் எட்டு என்ற அந்த எண்ணைப் பின்னாளில் எட்டிப் பிடித்தவர்கள் எடி மெர்க்ஸும் ஃபிரெடி மார்டென்ஸும் மட்டுமே. மிஞ்சியவர் இன்று வரை இல்லை. பிறகு 1932ல் கட்டம் ஜெயிப்பவருக்கு நான்கு நிமிஷச் சலுகை அளிக்கப்பட்டபோது, ஆறு கட்டங்களை ஜெயித்த அந்த்ரே லெதுக் அந்தச் சலுகைகளின் பலத்தினாலேயே பெரும்பாலும் பந்தயம் முழுவதையும் வென்றார். கடைசிப் பாய்ச்சலை ஒழிக்கப் புறப்பட்ட நிர்வாகமே அதற்குப் பட்டாபிஷேகம் செய்து வைத்தது.

அக்காலத்தில் ஜோஸ்யம் சொல்ல முயன்றவர்கள் கவனித்தது ஒரு விஷயத்தை. போர்தோ, பாரிஸ் போன்ற நகரங்களில் பந்தயம் தெருவில் முடிவதில்லை. வெலோட்ரோம் என்று சொல்லப்படும், ஓரங்கள் சாய்ந்து உயர்ந்த வட்டமான சைக்கிள் மைதானத்துக்குள் நுழைந்து, அங்கே ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ ஓட்டி முடியும். வாயில் குறுகலானது, உள்ளே வளைவுகள் செங்குத்தானவை. ஆகையால் முதல் இரண்டு மூன்று பேருக்குள் வாயிலில் நுழையாதவருக்கு எத்தனை வேகம் இருந்தும் பயனில்லை. மைதான ஓட்டத்தில் பழகியவரா, சாய்தளத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வேகத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவரா என்பதைப் பார்த்தே பத்திரிகைக்காரர்கள் பெயர் சொன்னார்கள். லாந்த் பிரதேசத்துப் பைன் காடுகளுக்கிடையில் பிறந்த அந்த்ரே தாரிகாத் இக்கலையில் தேர்ந்தவர். டூர் டி பிரான்ஸில் 22 கட்டங்களை ஜெயித்தவர். பந்தயத்தின் முதல் நாள் கட்டத்தை மாத்திரமே ஐந்து முறை ஜெயித்தவர். ஆகவே 1950களின் பிற்பகுதியில் முதல் நாள் யார் ஜெயிப்பார் என்று கேட்டால், தாரிகாத் என்று சொல்லிவிடுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பெரியோர் சொல்லும் ஜோஸ்யத்துக்கு நிகராக அது பலித்தும் வந்தது.

மைதான முடிவுக்கு ஒரு கொடூரமும் இருந்தது. 1958ல் பாரிஸ் மைதானத்தில் கடைசி நாள் முடிவின்போது, உள்விளிம்பில் நின்ற வயோதிக அதிகாரி ஒருவர் ஓடுதளத்தின் மீது எட்டி வந்துவிட, முழு வேகத்தில் வந்த தாரிகாத் அவர்மேல் மோதினார். அதிகாரி சில நாட்களில் இறந்துபோனார். தாரிகாத் தலையில் கட்டுடன் மைதானத்தை வலம் வந்தார். அன்று ஜெயித்தவர் பியெரினோ பாஃபி என்ற இத்தாலியர்; எந்த ஜோஸ்யமும் இப்படியொரு விபத்தைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாது.

இனி, துணைவர்களின் தொழிலுக்கு வருவோம். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிற பையன், மெதுவாகப் போகும் ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டதும் திடீரென்று பாரம் குறைவதை உணர்கிறானே, அந்த உணர்ச்சிதான் இந்தத் தொழிலின் மூலதனம். சமதளத்தில் வேகமாகச் செல்லும் சைக்கிள்காரர் செலவிடும் சக்தியில் மிகப் பெரும் பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகம் கூடக் கூட அந்தச் செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. 2018ல் நெதர்லாந்தில் பெர்ட் ப்ளோக்கன் என்ற பேராசிரியர் 121 பேர் கொண்ட கூட்டத்தை மாதிரியாக வைத்து ஆராய்ந்தபோது, கூட்டத்தின் நடுவயிற்றில் இருப்பவரைத் தாக்கும் காற்றுத் தடை, தனியே செல்பவரைத் தாக்குவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கண்டார். அப்படியானால் கடைசி இருநூறு மீட்டரில் பாய வேண்டியவர், அதுவரை தம் சக்தியைச் சேமித்து வைக்க ஒரு முதுகு வேண்டும். அந்த முதுகு நம்பகமானதாக இருக்க வேண்டும். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் அது செல்ல வேண்டும்.

இதை முதன்முதலில் ஒரு படைபோல் ஒழுங்குபடுத்தியவர் பெல்ஜியத்தின் ரிக் வான் லோய். ஃபயேமா என்ற காப்பி இயந்திரக் கம்பெனியின் சிவப்புச் சட்டை அணிந்த அவருடைய சகாக்களைச் 'சிவப்புக் காவற்படை' என்று அழைத்தார்கள். தலைவரை நடுவில் வைத்து, முன்னே வரிசையாக நின்று, ஒருவர் களைத்து விலகியதும் அடுத்தவர் வேகத்தைக் குறைக்காமல் ஏற்று, முடிவுக்கோட்டின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது அவர்கள் கடமை. 1976ல் எட்டுக் கட்டங்களை ஜெயித்த மார்டென்ஸுக்கும் அப்படி இரு துணைவர்கள் இருந்தார்கள்: தெமேயர் அதே ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தைத் தாமே வென்றவர்; பொலென்டியர் மறு ஆண்டு இத்தாலி தேசப் பந்தயத்தையே வென்றவர். இவ்வளவு பெரிய வீரர்கள் இன்னொருவர் பொருட்டுக் காற்றை வாங்கினார்கள் என்றால், அந்தத் தொழிலின் மதிப்பை எப்படிச் சாமானியமாக நினைப்பது?

நிர்வாகிகள் சும்மா இருக்கவில்லை. சமவெளிப் பந்தயங்களில் மிகப் பழமையானவற்றுள் ஒன்றான பாரிஸ்–தூர் பந்தயத்தில், கூட்டமாக வந்து முடிவதைத் தடுக்க வேண்டும் என்று கருதி, 1965லும் 1966லும் கியர் மாற்றும் கருவியையே சைக்கிளில் வைக்கக்கூடாது என்று தடை விதித்தார்கள். கருவியில்லாமலே 1965ல் கர்ஸ்டென்ஸ் என்ற டச்சுக்காரர் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகத்தில் ஜெயித்ததோடு அந்தத் தடையின் நோக்கம் அர்த்தமற்றதாகி, இரண்டே ஆண்டுகளில் அது நீங்கியது.

முன்னே தப்பி ஓடுகிறவர்களின் கதி என்ன என்ற கேள்விக்கும் இதே காலத்தில் ஒரு சூத்திரம் பிறந்தது. பந்தய வீரராக இருந்து, பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் புகழ்பெற்ற ரொபேர் ஷாபாத், துரத்துகிற கூட்டம் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் வீதம் இடைவெளியைக் குறைத்துவிடும் என்று கணக்குச் சொன்னார். முடிவுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கையில் முன்னோடிகளுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் இடைவெளி இல்லையென்றால் அவர்கள் அகப்பட்டார்கள் என்று பொருள். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒருவர் அமர்ந்து, ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் இடைவெளியை எழுதி, முன்னே இருப்பவர்களுக்கும் பின்னே இருப்பவர்களுக்கும் மாறி மாறிக் காட்டிக்கொண்டு போவார். அந்தப் பலகையைப் பார்த்தே ஓட்டக்காரர்களும் ரசிகர்களும் மனக்கணக்குப் போட்டார்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் கிராமங்களில் திருவிழாவையொட்டி நடக்கும் பந்தயங்களில் இன்னொரு கரும்பலகை உண்டு. சாராயக்கடை வாசலில் பந்தயப் பணம் வாங்குகிறவர் அதை நிறுத்தி, வீரர்களின் பெயரையும் அவர்கள்மேல் கட்டும் பணத்துக்கு எத்தனை பங்கு என்பதையும் எழுதிவைத்து, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் துடைத்துத் திருத்துவார். தாடியில் நீர் வழிய நின்று பார்க்கும் விவசாயிகள், வீரரின் முகத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதைவிட, அவருக்கு முன்னால் யார் ஓட்டுகிறார் என்பதைப் பார்த்தே கட்டினார்கள். இந்தச் சாஸ்திரத்தில் ஃபிளாண்டர்ஸ்காரர்களை மிஞ்சியவர்கள் கிடையாது.

1990களின் இறுதியில் ஜோஸ்யம் சுலபமாயிற்று. மாரியோ சிப்போலினி என்ற இத்தாலியருக்காக ஸாயேக்கோ குழு அமைத்த, சிவப்புச் சட்டைத் துணைவர்களின் வரிசையான 'ரயில்', கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் சாலை முழுவதையும் தன் வசமாக்கிக்கொண்டு, பிறர் முன்னே பாய்ந்து போக முடியாதபடி வேகத்தை உயர்த்திவிடும். 1998ல் ஷாத்தோரூவில் ஜெயித்தவர் அவரே. 1999ல் லவாலிலிருந்து ப்ளுவா வரையிலான கட்டத்தை அவர் மணிக்கு 50.355 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஜெயித்தார். எல்லாரும் கூட்டமாகப் புறப்படும் கட்டங்களில், டூர் டி பிரான்ஸின் அதிவேகக் கட்டமாக அது இன்றும் நிற்கிறது. அதைத் தொடர்ந்து மேலும் மூன்று நாட்கள் அவரே ஜெயித்தார். ஊக்கமருந்தின் நிழல் பந்தயம் முழுவதிலும் படிந்திருந்த காலம் அது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் ரயிலின் தந்திரம் மருந்தினால் வந்ததன்று, கணக்கினால் வந்தது.

அந்தக் கணக்கு பூரணமானது மார்க் கேவண்டிஷ் காலத்தில். 2008 ஜூலையில் ஷாத்தோரூவில், நாள் முழுவதும் முன்னே ஓடிவந்த பிரெஞ்சுத் தேசியச் சாம்பியன் வோகோந்தி, முடிவுக்கோடு கண்ணெதிரே தெரியும் தூரத்தில் அகப்பட்டுப் போக, மான் தீவுக்காரரான அந்த இளைஞர் தம் முதல் கட்டத்தை ஜெயித்தார். மறு ஆண்டு ஆறு, அதற்கடுத்த இரு ஆண்டுகளிலும் ஐந்தைந்து. கடைசி மூன்று கிலோமீட்டரைச் சற்று நெருங்கி நின்று பார்த்தால் காரணம் விளங்கும். முதலில் டோனி மார்ட்டின் போன்ற தனியோட்ட நிபுணர் ஒருவர் தலையைக் குனிந்து, முழங்கைகளை ஒடுக்கி, கூட்டம் முழுவதையும் ஒரே கோடாக நீட்டிவிடுவார். அவர் பக்கவாட்டில் விலகி நின்றதுபோல் பின்தங்கும்போது அடுத்தவர் தோள் முன்னே வரும். கடைசிக் கிலோமீட்டரைக் காட்டும் செங்கொடியைத் தாண்டியபின் எஞ்சியிருப்பது ஆஸ்திரேலியரான மார்க் ரென்ஷா ஒருவர்தான். அவருடைய பின்சக்கரத்துக்கும் கேவண்டிஷின் முன்சக்கரத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். கேவண்டிஷ் மூக்கு ஹாண்டில்பாரைத் தொடுமளவுக்குக் குனிந்திருப்பார். இருநூறு மீட்டர் பலகை வந்ததும் ரென்ஷா அரை அடி விலகுவார். அதன் பிறகு எல்லாம் பத்துப் பதினோரு விநாடி. 2009ல் பாரிஸின் ஷான்ஸெலிஸே வீதியில் கேவண்டிஷ் முதலாவதாக வர, வேலையை முடித்துவிட்டு மிதிப்பதை நிறுத்தியிருக்கக்கூடிய ரென்ஷாவே இரண்டாவதாகவும் வந்தார். மற்றவர்களுடைய ஸ்பிரிண்டர்களை, அதாவது கடைசிப் பாய்ச்சல்காரர்களைவிட இவர்களுடைய துணைவர் வேகமாக இருந்தார் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான அத்தாட்சி வேண்டுமா?

அதே 2009ல் நிர்வாகிகள் மீண்டும் ஒரு பரீட்சை செய்தார்கள். ஷாத்தோரூவுக்குப் பக்கத்து ஊரான இசூதனில் முடிந்த ஜூலை 14ஆம் தேதிக் கட்டத்தில், காதில் வைத்துப் பேசும் ரேடியோவை விலக்கினார்கள். காரிலிருந்து கணக்குச் சொல்லுகிறவர் இல்லையென்றால் துரத்தல் தவறும், முன்னோடி பிழைப்பார், ஜோஸ்யம் பொய்க்கும் என்பது அவர்கள் உத்தேசம். ஓட்டக்காரர்கள் ஆட்சேபித்து மெதுவாக ஓட்டினார்கள், கடைசியில் முன்னோடிகள் அகப்பட்டார்கள், கேவண்டிஷ் ஜெயித்தார். தெக்ராஞ்ச் காலம் முதல் இது மூன்றாம் தோல்வி. பழகிய துணைவர்களுக்கு முதுகும் தோளுமே பாஷையாக இருந்தன. ரேடியோ அவர்களுக்கு அநாவசியம்.

ஜோஸ்யம் பொய்த்த நாட்களும் இருக்கத்தான் செய்கின்றன. 1994ல் அர்மான்தியேரில், வேலிக்கு முன்னால் சாலையில் படம் பிடிக்க நின்ற ஒரு போலீஸ்காரர்மேல் நெலிஸன் என்ற வீரர் மோத, ஜலபேர் என்பவரும் விழுந்து, இருவருடைய பந்தயமும் அங்கேயே முடிந்தது. எஞ்சிய அப்துஜப்பாரோவ் ஜெயித்தார். 2003ல், ஸ்பிரிண்டர்களின் ஊர் என்று எல்லாரும் நம்பியிருந்த போர்தோவில், முன்னோடிகளில் ஒருவரான க்னாவன் தனியே வந்து ஜெயித்தார். எல்லாவற்றிலும் போதனை நிறைந்தது 2013ல் நடந்தது. தூர் நகரில் கேவண்டிஷைக் கோட்டருகே முந்தி ஜெயித்த மார்சல் கிட்டலே மறுநாள் சாந்தமான்–மோன்ரோனிலும் ஜெயிப்பார் என்று உலகமே நினைத்தது. அதுவும் பெரி பிரதேசத்துச் சமவெளிதான். ஆனால் அன்று பக்கக்காற்று வீசியது. பக்கக்காற்றில் நேர் பின்னால் மறைவு கிடையாது, சரிவாகப் பக்கவாட்டில்தான் கிடைக்கும். சாலையின் அகலம் இடங்கொடுக்கும் பத்துப் பதினைந்து பேருக்கு மாத்திரமே அந்த மறைவு. கேவண்டிஷின் குழுவினர் அதைக் கண்டு திடீரென்று வேகத்தை ஏற்ற, கூட்டம் துண்டு துண்டாக உடைந்தது. கிட்டல் பின் துண்டில் அகப்பட்டார். மஞ்சள் சட்டைக்காரரான ஃப்ரூமே ஒரு நிமிஷத்துக்கு மேல் இழந்தார். பதினான்கு பேர் மட்டுமே முன்னே மிஞ்சியிருந்த அந்தக் கட்டத்தைக் கேவண்டிஷ் ஜெயித்தார். காற்றின் திசையைக் காலையில் பார்த்திருந்தவர்கள் சரியாகச் சொல்லியிருப்பார்கள்.

ரயில்கள் பல குழுக்களிடம் பெருகியபின், ஒன்றையொன்று இடித்துக் குலைத்துக்கொண்டு, பழைய நிச்சயம் போய்விட்டது. 2017ல் நுயி–ஸான்–ழோர்ழில் கிட்டல் ஜெயித்த வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர். புகைப்படம் இல்லாவிட்டால் மனிதக் கண் நிர்ணயிக்க முடியாதது. 2021ல், தொழிலே முடிந்துவிட்டதென்று பலரும் நினைத்திருந்த கேவண்டிஷ், காயமுற்ற ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு, ஷாத்தோரூவில் மூன்றாம் முறையாக ஜெயித்தபோதும், கார்க்கஸோனில் 34ஆவது வெற்றியினால், மொத்தக் கட்ட வெற்றிகளில் மெர்க்ஸின் எண்ணைத் தொட்டபோதும், முன்னே ஓட்டியவர் மிகைல் மோர்கோவ் என்ற டேனிஷ்காரர். கார்க்கஸோனில் இரண்டாவதாக வந்தவரும் அவரே. 2024ல் 39ஆம் வயதில் கேவண்டிஷ் 35ஆவது வெற்றியைப் பெற்ற குழுவிலும் அவர் இருந்தார்.

2025 ஜூலை 13ஆம் தேதி பந்தயம் மீண்டும் ஷாத்தோரூவுக்கு வந்தது. ஃபிலிப்ஸன் என்ற ஸ்பிரிண்டர் சில நாட்களுக்கு முன்பே விழுந்து காறை எலும்பு முறிந்து வீடு திரும்பிவிட்டார். அவருக்கு முன்னால் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட யோனாஸ் ரிக்கார்ட், அதே பணியைச் செய்துவந்த மத்தியூ வான் டெர் பூலோடு சேர்ந்து, ஷினோனில் கொடி விழுந்த கணமே கிளம்பினார். யாருக்காகக் காற்றை வாங்குவது வழக்கமோ அவர் இல்லாத நாளில், துணைவர்கள் இருவரும் தமக்காக 174 கிலோமீட்டர் முழுவதையும் ஓட்டிவிடத் துணிந்தார்கள். ஷாபாத்தின் சூத்திரம் அன்று நடுங்கியது. இடைவெளி கரையவேண்டிய வேகத்தில் கரையவில்லை. சுமார் ஆறு கிலோமீட்டர் இருக்கையில் ரிக்கார்டின் கால்கள் ஓய்ந்தன. வான் டெர் பூல் தனியே போய், கோட்டுக்கு 700 மீட்டர் இருக்கையில் கூட்டத்திடம் அகப்பட்டார். டிம் மெர்லியே ஜெயித்தார். அன்றைய சராசரி வேகம் மணிக்கு 50.013 கிலோமீட்டர், கூட்டமாகப் புறப்படும் கட்டங்களின் சரித்திரத்தில் இரண்டாவது அதிவேகம். அந்த வேகத்தை உண்டாக்கியவர்கள், நாள் முழுவதும் காற்றோடு போராடிய அந்த இரண்டு துணைவர்கள்.

பந்தய முடிவை அச்சிடும் பத்திரிகைகளும், பட்டியல்களைப் பாதுகாக்கும் சங்கங்களும் கோட்டைக் கடந்த வரிசையையும் நேரத்தையும் மட்டுமே பதிவு செய்கின்றன; ரென்ஷா எத்தனை வெற்றிகளுக்கு முதுகு கொடுத்தார், மோர்கோவ் எத்தனைக்குக் கொடுத்தார் என்பதற்கு அவற்றில் பத்தி கிடையாது. எழுத்தாளனின் பெயரோடு ஓவியனின் பெயரையும் புத்தகத்தில் அச்சிடுகிற நாம், இதையும் செய்ய வேண்டும். சமவெளிக் கட்டத்தின் முடிவில், வென்றவரின் பெயருக்குக் கீழே, கடைசியாக விலகி அவருக்கு வழிவிட்டவரின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்து அச்சிடுங்கள்.